சவரக்கத்தியின் குதிப்பக்கம் ஏன் வெட்டவில்லை?

கேள்வி: ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த 5/8 அங்குலச் சவரக்கத்தி ஒன்றைப் புதிதாக வாங்கினேன். கார்பன் எஃகு. முதல் மூன்று வாரம் முகத்தில் வைத்ததே தெரியாமல் மழித்தது. பிறகு முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. தோல்வாரைக் குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டு, தினமும் இருபது முறை வேகமாகத் தீட்டிவிட்டுத்தான் சவரம் செய்கிறேன். சரியாகாததால் 1000/6000 இரட்டைக் கல் ஒன்றை வாங்கி, இரண்டு முகத்திலும் ஐம்பது ஐம்பது முறை தேய்த்தேன். இப்போது நுனியும் நடுப்பகுதியும் சுமாராக வெட்டுகின்றன. பிடியை ஒட்டிய பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே அறுபடவில்லை. அலகு தண்டோடு சேரும் தடித்த இடத்தில் ஒரு பளபளப்பான தேய்வும் விழுந்திருக்கிறது. 12000 நம்பர் கல் வாங்கினால் சரியாகுமா? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடலாமா?
— சென்னை வாசகர்

பதில்: சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவருடைய சக்கரம் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஆனது. சவரக்கத்தியின் அலகு இரண்டு பக்கமும் குழித்து அரைக்கப்பட்டது. வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, சற்று மேலே நகத்தால் அழுத்தினால் லேசாக வளையும் அளவுக்கு மெலிந்திருக்கும். சுழலும் சக்கரத்தில் ஓரிரு நொடி பட்டாலே அந்த மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். அங்கே எஃகின் கடினம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது.

12000 கல்லை வாங்கலாம். (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்.) ஆனால் இன்றைய கோளாறை அது தீர்க்காது. அந்தக் கல் ஏற்கெனவே இருக்கும் கூரை மெருகேற்றும். இல்லாத கூரை உண்டாக்காது. உங்கள் கத்தியின் குதிப்பக்கத்தில், அதாவது பிடியை ஒட்டிய பக்கத்தில், கூர் என்பதே இன்னும் உருவாகவில்லை. காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தடித்த இடத்தில் விழுந்த பளபளப்பு.

கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமான மேல் ஓரம் முதுகு. கீழ் ஓரம் வாய். பிடிக்கு எதிர்ப்பக்கம் நுனி, பிடியை ஒட்டிய பக்கம் குதி. குதியைத் தாண்டியதும், அலகு தண்டோடு (அலகைப் பிடியோடு இணைக்கும் எஃகுக் கழுத்து) சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த மேடு வரும். அதைத் தோள் என்று வைத்துக்கொள்வோம். அலகு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதற்காக விடப்பட்ட மேடு அது. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டும் கல்லைத் தொட வேண்டும். நீங்கள் குதியையும் விட்டுவிடக் கூடாது என்று கத்தியை உள்ளே தள்ளி வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். தோள் கல்லின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அது அலகைத் தூக்கிப் பிடித்ததால் குதிப்பக்க வாய் கல்லைத் தொடவே இல்லை, தேய்ந்தது தோள்தான். இன்னும் ஐநூறு முறை தேய்த்தாலும் தோள்தான் தேயும்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பெர்மனென்ட் மார்க்கர் போதும். வாயின் இரண்டு பக்கமும் ஓடும் மெல்லிய பட்டையில் மை பூசுங்கள். 6000 முகத்தில் இரண்டே முறை தேய்த்துவிட்டு, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் படுகிறது. குதியில் மை அப்படியே இருக்கும். நடுவிலும் பட்டையின் மேற்பாதியில் மட்டும் மை அழிந்து, வாயின் கடைசி விளிம்பில் மை நின்றால் அங்கேயும் வேலை பாக்கி இருக்கிறது.

கல் விஷயத்துக்குப் போகும் முன், மூன்றே வாரத்தில் கத்தி ஏன் மழுங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். அதைத் திருத்தாமல் தீட்டினால் அடுத்த மூன்று வாரத்தில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். நன்றாகத் தீட்டிய கத்தி, தினசரிச் சவரத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை கல்லைப் பார்க்காமல் ஓட வேண்டும். சீக்கிரம் கெட்டதற்கு உங்கள் தோல்வார்தான் காரணம் என்று நினைக்கிறேன். துண்டுக் கொக்கியில் தொங்கும் வார் தொய்வாக இருக்கும். தொய்ந்த தோல் கத்தியின் எடையில் கீழே வளைந்து, வாயைத் தாண்டியதும் மேலே எழும். ஒவ்வொரு இழுப்பிலும் அது வாயின் விளிம்பைச் சுற்றி உரசி உருட்டிவிடும். வேகமாகத் தீட்டுபவர்கள் திருப்பத்தில் செய்யும் தவறும் சேர்ந்திருக்கலாம்: இழுப்பு முடியும் முன்பே கத்தியைத் திருப்பத் தொடங்கினால் முதுகு மேலே எழுந்து, வாய் மட்டும் தோலில் அழுந்தும். ஒரு முறை அப்படி நடந்தாலே அந்தக் காலைச் சவரத்தில் தெரியும்.

இனி கல். முதல் வேலை கல்லைச் சமன் செய்வது. புதுக் கல்லும் சமமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே கல்லை அதில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் சமம். நடுவில் கோடு நின்றால் அங்கே குழி, நிறுத்தாதீர்கள். அப்படியே கல்லின் நான்கு ஓரங்களையும் லேசாகச் சாய்த்து மழுக்கிவிடுங்கள். கூரான ஓரம் கத்தி வாயைக் கொத்தும். ஊறவைப்பதில் மட்டும் கல்லோடு வந்த குறிப்பைப் படியுங்கள். சில கற்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போட வேண்டும். சிலவற்றுக்கு மேலே தெளித்தாலே போதும், ஊறவைத்தால் வெடிப்பு விடும்.

முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். சாதாரண 5/8 கத்திக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முதுகுதான் இந்தக் கத்தியின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. வாயிலிருந்து முதுகு வரை சுமார் 16 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 4.5 முதல் 5 மில்லிமீட்டர் என்றால் வாயின் மொத்தக் கோணம் 16 முதல் 18 டிகிரி வரும். முதுகும் வாயும் சேர்ந்து தேய்வதால் வருடக்கணக்கில் இந்தக் கோணம் பெரிதாக மாறாது. ஒரு சுற்று டேப் ஒட்டினால் கோணம் சுமார் ஒரு டிகிரி கூடும். அடுத்த முறை டேப் இல்லாமல் தீட்டினால் கல் பட்டையின் மேல்விளிம்பில் படுமே தவிர வாயைத் தொடாது. மறுபடி மையை வைத்துத் தேட வேண்டிவரும். முதுகில் தங்க வேலைப்பாடோ செதுக்கலோ உள்ள கத்திக்கு டேப் நியாயம். ஒட்டினால் எப்போதும் ஒட்டுங்கள். கல் மாறும்போதெல்லாம் புது டேப்.

உங்கள் கத்தியில் உருண்டுபோன விளிம்பு இருப்பதால், அதை முதலில் எடுத்துவிடுவது நல்லது. கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, வாய் கீழே இருக்க, 6000 முகத்தின் மேல் எடையே கொடுக்காமல் ஒரே ஒரு முறை நீளவாக்கில் இழுங்கள். அழுத்தம் துளியும் கூடாது. கத்தி இப்போது முழுதாக மழுங்கும், பயப்பட வேண்டாம். விளக்குக்குக் கீழே வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்தால் குதி முதல் நுனி வரை ஒரு மெல்லிய வெள்ளிக்கோடு மின்னும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. மின்னுகிற இடமெல்லாம் மழுங்கிய இடம். இனி நீங்கள் 1000 முகத்தில் செய்யப்போவது இந்தக் கோட்டை முழுதாக அழிப்பதுதான்.

1000 முகத்தில் கத்தியை வைக்கும் விதம் முக்கியம். கல்லை மேசையில் நீளவாக்கில் வையுங்கள். கத்தியைக் கல்லின் உங்கள் பக்க முனையில் படுக்க வைத்து, தோளுக்கும் கல்லின் ஓரத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கத்தியைக் கொஞ்சம் சாய்த்து, குதி முன்னால் போக, நுனி பின்தங்கி வரும்படி திருப்புங்கள். 20 முதல் 30 டிகிரி சாய்வு போதும். இப்போது முதுகையும் வாயையும் கல்லோடு ஒட்டவைத்து, வாய் முன்னே செல்லும்படி தள்ளுங்கள். தள்ளும்போதே கத்தியைப் பிடிப்பக்கமாக மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே போக வேண்டும். கல்லின் மறுமுனையை அடையும்போது நுனி மட்டும் கல்லில் இருக்கும். பிறகு முதுகின் மேல் உருட்டித் திருப்பி, மறுபக்கத்துக்கு அதையே உங்களை நோக்கி இழுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு பாதைகளும் பெருக்கல் குறி போட்டதுபோல் குறுக்கிடும். கத்தி வாய் 7 சென்டிமீட்டருக்கு மேல். பெரும்பாலான கற்களின் அகலமும் 7 சென்டிமீட்டர்தான். குறுக்கே இழுக்காமல் நேராகத் தள்ளினால் குதியோ நுனியோ ஏதாவது ஒன்று விடுபடும். விடுபடக் கூடாதென்று உள்ளே தள்ளியதில்தான் உங்களுக்குத் தோள் ஏறியது.

தோளை ஒட்டிய கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கூர் வராமல் போனால் விட்டுவிடுங்கள். அந்த இடம் முகத்தில் படுவதே இல்லை. பல வருடம் தீட்டிய பிறகு குதி மூலையில் கொக்கி மாதிரி ஒரு கூர்முனை நீளும். அப்போது அதை உருட்டிச் சரிசெய்ய வேண்டும். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. புதுக் கத்திக்கு இப்போது தேவையில்லை.

அழுத்தம் எவ்வளவு என்று சொல்லால் விளக்குவது கடினம். அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. கல்லைச் சமையலறை மின்தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்கி, கத்தியைப் படுக்க வைத்து, தராசு 200 கிராம் காட்டும்வரை விரலால் அழுத்துங்கள். 1000 முகத்தில் பட்டை உருவாக்க அவ்வளவுதான் அதிகபட்சம். அந்த அழுத்தத்தைக் கைக்குப் பழக்கிவிட்டுக் கல்லைக் கீழே இறக்குங்கள். அழுத்தமும் முதுகின் மீது சாய வேண்டாம், வாயின் மீதும் சாய வேண்டாம். அலகின் நடுவில் இருக்கட்டும். அழுத்தித் தேய்த்தவர்களின் கத்தியில் முதுகு ஓரம் அகலமான பட்டையாகத் தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். அந்த எஃகு திரும்ப வராது.

ஒரு பக்கம் இருபது முறை முன்னும் பின்னுமாக, பிறகு மறுபக்கம் இருபது. இப்படி இரண்டு சுற்று முடிந்ததும் வெள்ளிக்கோட்டைப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே மை பூசி, ஏன் படவில்லை என்று பாருங்கள். கோடு முழுதும் அழிந்த பிறகு, கத்தியின் சொந்த எடையில் மட்டும் குறுக்கிழுப்பு பதினைந்து. சோதனை: முன்கை முடியைத் தோலை ஒட்டி மழித்துப் பாருங்கள். குதி, நடு, நுனி மூன்றும் ஒரே மாதிரி மழிக்க வேண்டும். இன்னொன்று, பழுத்த தக்காளியின் மேல் கத்தியை எடை கொடுக்காமல் வைத்து மெல்ல இழுத்தால் தோல் தானாகப் பிளக்க வேண்டும். வாயின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். நகத்தில் இழுத்துப் பார்க்கும் பழைய சோதனையை 1000 கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெருகேறிய கூரை நகம் கெடுத்துவிடும். கட்டைவிரலை வாயின் நீளத்துக்கு ஓட்டிப் பார்ப்பது எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

இந்தக் கட்டம் தேறாமல் அடுத்த கல்லுக்குப் போகவே கூடாது. சவரக்கத்தி தீட்டுபவர்களின் குறைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. இரண்டு பட்டைகளும் வாயில் முழுதாகக் கூடியிருந்தால் மேல்கற்கள் வேலையைத் தாமே செய்யும். கூடவில்லை என்றால் விலை உயர்ந்த கல்லும் மழுங்கலைத்தான் பளபளப்பாக்கும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

6000 முகத்துக்கு வரும்போது கத்தியையும் கையையும் கழுவிவிடுங்கள். 1000-இன் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கீறல் விழும். இங்கே கத்தியின் எடையும் விரலின் எடையும் மட்டும். போய் வருவதை ஒன்றாகக் கணக்கிட்டு நாற்பது. லென்ஸில் பார்த்தால் 1000 விட்ட ஆழமான கீறல்கள் மறைந்து, பட்டை முழுதும் மங்கலான ஒரே சாயலாக இருக்க வேண்டும். மறையாவிட்டால் இன்னும் இருபது. இடையில் 3000 அல்லது 4000 கல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இல்லாததால் நஷ்டமில்லை.

6000-இல் நிறுத்திய கத்தி மழிக்கும், ஆனால் எரியும். இந்த இடத்தில்தான் உங்கள் 12000 கல்லுக்கு வேலை. நானிவா 12000 போன்ற செயற்கைக் கல் கற்றுக்கொள்பவருக்கு நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நார்ட்டன் 4000/8000 இரட்டைக் கல் பலர் கையில் இருப்பது. 8000 முகத்தில் முப்பது முறை ஓட்டி, பிறகு குரோமியம் ஆக்சைடு என்னும் தேய்பொடி தடவிய வாரில் பத்து முறை ஓட்டினால் அதுவும் நல்ல சவரம் தரும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வீல்சால்ம் வட்டாரத்தில் கிடைக்கும் இளமஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வெட்டுவது கார்னெட் என்னும் கடினக் கனிமத்தின் மணிகள். அது தரும் கூர் முகத்துக்கு மென்மையாக இருக்கும். ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றும் வேறு மாதிரி. முதல் கல்லாக அதை வாங்க வேண்டாம்.

12000-இல் பதினைந்து முதல் இருபது போதும். கத்தியின் எடைக்கு மேல் எதுவும் வேண்டாம். கல்லில் தண்ணீர் மெல்லிய படலமாக நிற்கட்டும். கத்தி முன்னேறும்போது வாய்க்கு முன்னால் தண்ணீர் ஒரே சீராக ஒதுங்கி, அலகின் மேல் ஏறி வர வேண்டும். எங்காவது தண்ணீர் வாய்க்கு அடியில் நழுவிப் போனால் அந்த இடம் கல்லைத் தொடவில்லை. குதியில் இப்படி நடந்தால் தோளைப் பாருங்கள். நூறு, இருநூறு என்று ஓட்டினால் கூர் கூடும் என்ற எண்ணம் வேண்டாம். விளிம்பு தாங்க முடியாத அளவுக்கு மெலிந்து பிசிறாக நிற்கும். முன்கை முடியைப் பிரமாதமாக வெட்டும். முகத்தில் பாதிச் சவரத்திலேயே உடைந்து எரிச்சல் கொடுக்கும். அப்படி ஆகிவிட்டால் அதே கல்லில் முதுகு முன்னே செல்லும்படி ஐந்து முறை பின்னோக்கி இழுத்து, பிறகு வழக்கமாகப் பத்து முறை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

இனி தோல்வார். உங்கள் கத்தியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கொக்கியை மாற்றுங்கள். இடுப்பு உயரத்தில் ஜன்னல் கம்பி அல்லது சுவரில் அடித்த கனமான வளையம் போன்ற அசையாத ஒன்று வேண்டும். இடது கையால் மறுமுனையைப் பிடித்து, நடுவில் விரலால் அழுத்தினால் மிகக் கொஞ்சமே இறங்கும் அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். கத்தியை முதுகும் வாயும் தோலில் படும்படி முழுதாகப் படுக்க வைத்து, முதுகு முன்னே, வாய் பின்னே என்று நகர்த்துங்கள். கல்லில் வாய் முன்னே. வாரில் முதுகு முன்னே. இதை மாற்றினால் தோல் வெட்டுப்படும். வாரின் முனையில் கத்தியை முதலில் நிறுத்துங்கள். முதுகு தோலை விட்டு எழாமல், பிடியையும் வாலையும் (தண்டின் வளைந்த கடைசி முனை) விரல்களுக்கு இடையில் உருட்டி, வாயை மேலே கொண்டுவந்து மறுபக்கம் சாயுங்கள். பிறகுதான் திரும்பும் இழுப்பு. நிறுத்து, உருட்டு, இழு: மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். வேகம் மாதங்கள் கழித்துத் தானாக வரும். வேகத்தால் கூருக்கு ஒரு லாபமும் இல்லை.

3 அங்குல அகல வாராக இருந்தால் நேராகவே இழுக்கலாம். 2 அல்லது இரண்டரை அங்குலம் என்றால் கல்லில் செய்த குறுக்கிழுப்பு இங்கேயும் வேண்டும். துணிவார் சேர்ந்து வந்திருந்தால் சவரத்துக்கு முன் துணியில் இருபத்தைந்து, தோலில் ஐம்பது, போய் வருவது ஒன்றாக. நீங்கள் எழுதிய இருபது குறைவு. எண்ணிக்கையைக் கூட்டும் முன் கையைத் திருத்துங்கள். தவறான கையால் ஐம்பது முறை என்றால் கேடும் அதற்கேற்பக் கூடும். வெறும் தோல் எஃகை ஏறக்குறைய தேய்ப்பதே இல்லை. முந்தைய சவரத்தில் சற்றே சாய்ந்த விளிம்பை நேராக்குகிறது, ஒட்டியிருக்கும் துருப்படலத்தையும் சோப்பையும் துடைக்கிறது. அதனால்தான் அது தினமும் தேவை.

வாருக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். உள்ளங்கையால் தினமும் தேய்த்துவிட்டால் அதிலுள்ள எண்ணெய்ப் பசையே தோலுக்குப் போதும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குளியலறையில் தொங்கும் தோல் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். கற்றுக்கொள்ளும்போது வாரில் வெட்டு விழுவது சகஜம். எழும்பிய துண்டை ரப்பர் பசையால் ஒட்டி, காய்ந்ததும் 400 நம்பர் தாளால் சமன் செய்தால் போதும். விலை குறைந்த வாரில் பழகுங்கள்.

குரோமியம் ஆக்சைடு என்னும் பச்சைப் பொடியைத் தினசரி வாரில் தடவக் கூடாது. அது 0.5 மைக்ரான் துகள் உள்ள தேய்பொருள். தடவிய வார் பிறகு வெறும் தோலாகத் திரும்பாது. அதற்கென்று தனியாக ஒரு வார் அல்லது மரப்பலகையில் ஒட்டிய தோல் வையுங்கள். கத்தி லேசாக இழுக்கத் தொடங்கும்போது அதில் ஐந்து முதல் பத்து முறை. இதையே நம்பி மாதக்கணக்கில் ஓட்டினால் விளிம்பு மெல்ல மெல்ல உருண்டுவிடும். பச்சை வாரில் ஓட்டியும் ஒரு வாரம் நிற்கவில்லை என்றால் 12000 கல்லில் இருபது முறை. இந்த ஒழுங்கில் போனால் 1000 முகத்துக்கு மறுபடி வர வேண்டியதே இல்லை. கத்தி குழாயில் மோதி வாயில் பல் விழுந்தால் மட்டும்தான்.

எல்லா இழுப்பும் கூரின் குறை அல்ல. காய்ந்த தாடி முடி தண்ணீரில் ஊறிய முடியைவிட வெட்டக் கடினமானது. குளித்த உடனேயோ, வெந்நீர்த் துண்டை இரண்டு மூன்று நிமிடம் வைத்த பிறகோ நுரை போடுங்கள். அலகுக்கும் கன்னத்துக்கும் இடையே சுமார் 30 டிகிரி. அதற்கு மேல் நிமிர்த்தினால் வெட்டாமல் சுரண்டும், வாய்க்கும் கேடு. எஃகைவிட முடி எவ்வளவோ மென்மையானது, அது எப்படிக் கூரைக் கெடுக்கும் என்ற கேள்வியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் பார்த்து 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒருமுறை பயன்படுத்தும் ரேசர் பிளேடுகளை. முடி வளைந்துகொடுக்கும்போது, விளிம்பில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் பக்கவாட்டு விசை குவிந்து நுண்ணிய சில்லு பெயர்கிறது என்று கண்டார்கள். நன்றாக ஊறவைப்பதும் கோணத்தைத் தாழ்த்துவதும் முகத்தைப் போலவே கத்தியையும் காக்கும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்பன் எஃகுக்குச் சென்னைக் காற்றே எதிரி. சவரம் முடிந்ததும் கழுவி, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக டிஷ்யூ காகிதத்தால் ஒற்றுங்கள். வாயின் குறுக்கே துடைக்க வேண்டாம். பிடியின் இரு தகடுகளுக்கு நடுவிலும் ஈரத்தை எடுங்கள், அச்சாணி அங்கேதான் துருப்பிடிக்கும். பிறகு துணிவாரில் பத்து முறை ஓட்டினால் விளிம்பில் மிஞ்சிய ஈரமும் போய்விடும். பத்து நிமிடம் திறந்தே வைத்துவிட்டு மடியுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை அலகில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகி அச்சாணியை இறுக்கும். மூடிய தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாயை ஒட்டிக் கரும்புள்ளிகள் தெரிந்தால் உடனே கவனியுங்கள். துரு உள்ளே குழி பறித்துவிட்டால், தீட்டும்போது அந்த இடம் சில்லாகப் பெயரும்; குழியைத் தாண்டி எஃகைத் தேய்த்து இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கத்தியை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலிலிருந்தும் ரத்தம் வழியே நோய் பரவும். சலூன்களில் பழைய கத்தி போய் ஆளுக்கொரு பிளேடு மாட்டும் கத்தி வந்ததற்கும் அதுதான் காரணம்.

தீட்டி முடித்து, வாரில் ஓட்டிய பிறகு முதல் சவரத்தைக் கன்னங்களில் மட்டும், முடி வளரும் திசையில் செய்து பாருங்கள். குதிப்பக்கத்தை வேண்டுமென்றே ஒரு கன்னத்தில் பயன்படுத்துங்கள். கன்னம் சுத்தமாக வந்து மோவாயில் மட்டும் இழுத்தால் 12000-இல் இன்னும் பத்து. கன்னத்தில் முழு வாயும் ஒரே மாதிரி இழுத்தால் 6000-க்குத் திரும்பி அங்கிருந்து ஏறி வாருங்கள். நுனியும் நடுவும் நன்றாக வந்து குதி மட்டும் மறுபடி நின்றுவிட்டால், மேல்கல்லில் நேரத்தைச் செலவிடாமல் பட்டையில் மை பூசி 1000 முகத்துக்கே போங்கள். தோளுக்கும் கல் ஓரத்துக்கும் இடையே விட்ட 3 மில்லிமீட்டரை 5 ஆக்குங்கள்.